ஃபிரெடி கிட்டாரில் ஒரு டக்

மெல்வினுக்கு வயிறு எரிய ஆரம்பித்தது கொடியேற்றத்துக்கு நான்கு நாள் முன்பு. அதுவரை அவன் நல்லவன்தான். ஊரில் யாரைக் கேட்டாலும் அப்படித்தான் சொல்வார்கள், இன்றைக்கும் சொல்கிறார்கள். ஒருத்தர் இரண்டு பேரைத் தவிர.

ஆவூரிலிருந்து ஆறு கிலோமீட்டர் உள்ளே தள்ளியிருக்கும் அந்தச் சின்ன மாதா கோயில் பங்கில் மைக்செட் என்றால் மெல்வின், கிட்டார் என்றாலும் மெல்வின். விலக்கு ரோட்டில் சவுண்ட் சர்வீஸ் கடை வைத்திருக்கிறான். கல்யாணம், காதுகுத்து, கட்சிக்கூட்டம் எல்லாவற்றுக்கும் அவன் பெட்டிதான் போகும். ஞாயிற்றுக்கிழமை பூசையில் பாடகர் குழுவுக்கு வாசிப்பான். எட்டு வருஷமாக வாசிக்கிறான். பிரமாதமான வாசிப்பு என்று சொன்னால் பொய் சொன்ன பாவம் வரும். தப்பில்லாத வாசிப்பு, அவ்வளவுதான்.

உண்மையைச் சொன்னால் அவன் வாசித்ததே ஒரு பார்வைக்காக. அவன் மனைவி டயானாதான் குழுவின் முதல் குரல். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் அவள் கழுத்தை லேசாகத் திருப்பி அவனைப் பார்ப்பாள். அவன் தலையசைத்துக் கம்பியைத் தொடுவான். அவள் பாட ஆரம்பிப்பாள். அரை நொடிதான். 'பருப்பு தீந்துபோச்சு', 'மோட்டரப் போடுங்க', 'கரண்டு பில்லக் கட்டுனீங்களா' என்று ஓடுகிற வாரத்தில் அப்படி ஒரு பார்வை வீட்டில் எங்கே கிடைக்கும்? அந்த அரை நொடிக்காக அவன் சனிக்கிழமையே சட்டையைத் தேய்த்து வைத்துவிடுவான்.

அந்தப் பார்வைக்குத்தான் பங்கு கேட்டு வந்து சேர்ந்தான் ஃபிரெடி.

ஃபிரெடி டயானாவின் அத்தை மகன். சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வெல்டர். முறைப்படி அவளைக் கட்டியிருக்க வேண்டியவன் என்று ஊர்ப் பெண்கள் ஒரு பேச்சுக்குச் சொல்வது உண்டு. அவன் திருச்சியில் ஒரு நர்ஸைக் கட்டிக்கொண்டான், டயானாவை மெல்வினுக்குக் கொடுத்தார்கள். யாருக்கும் ஒரு குறையும் இல்லை. ஆனால் டயானா அவனை 'அத்தான்' என்று கூப்பிடுவாள். மெல்வினை 'என்னங்க' என்பாள். காய்கறிக்காரரையும் 'என்னங்க' என்று கூப்பிடலாம். அத்தான் என்று கூப்பிட முடியுமா? இதை மெல்வின் ஒன்பது வருஷமாக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தான்.

மாதா திருவிழாவுக்கு இரண்டு மாத லீவில் வந்த ஃபிரெடி, கையில் ஒரு கிட்டாரும் கொண்டுவந்தான். கடல் நீலம். ஒரு சுவிட்சை மேலே தட்டினால் எலெக்ட்ரிக் கிட்டார். கீழே தட்டினால் சாதாரண மரக் கிட்டார் மாதிரியே பேசும். அதற்காகக் கம்பிகள் உட்காரும் இடத்துக்கு அடியில் பீசோ என்று பொடிசாக ஒன்றை வைத்திருந்தார்கள். பாடகர் குழுவை நடத்துகிற ஜாஸ்பின் டீச்சர் அதை ஒரு தடவை கேட்டார், அவ்வளவுதான். திருவிழாப் பூசைக்கு ஃபிரெடி வாசிக்கட்டும், மெல்வின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற மிக்சரில் நின்றால் எனக்கு நிம்மதி என்று முடிவு சொல்லிவிட்டார். எட்டு வருஷம் அவர் நிம்மதியில்லாமலா இருந்தார் என்று மெல்வினுக்குக் கேட்கத் தோன்றியது. கேட்கவில்லை. சிரித்துக்கொண்டே தலையாட்டினான்.

திருவிழாப் பூசையில் எல்லாரும் நன்மை அப்பம் வாங்கி முடிந்த பிறகு மாதா பாட்டு ஒன்று உண்டு. டயானா தனியாகப் பாடுவது. கூட ஒரு கிட்டார், வேறு எதுவும் கிடையாது. அதுவும் ஃபிரெடிக்குப் போயிற்று. முதல் ஒத்திகையில் டயானா கழுத்தைத் திருப்பி ஃபிரெடியைப் பார்த்தாள். மிக்சருக்குப் பின்னால் நின்ற மெல்வினுக்குக் காதும் கன்னமும் சுட்டன.

கொடியேற்றத்தன்று அந்தப் பங்கில் ஒரு வழக்கம் உண்டு. நேர்ச்சை உள்ளவர்கள் பீடத்துக்கு முன்னால் வரிசையில் நிற்பார்கள். சாமியார் ஒவ்வொருவர் கழுத்திலும் ஒரு பெரிய செபமாலையைப் போட்டுவிடுவார். தேங்காய் ஓட்டு மணி, நுனியில் கனமான பித்தளைச் சிலுவை, தொப்புள் வரை தொங்கும். ஒன்பது நாளும் அதைச் சட்டைக்கு மேலேதான் போட்டிருக்க வேண்டும், திருவிழா முடியும்வரை கழற்றக் கூடாது. இந்த வருஷம் வரிசையில் ஃபிரெடியும் நின்றான். என்ன நேர்ச்சை என்று மெல்வின் கேட்டுக்கொள்ளவில்லை. சிங்கப்பூர்க்காரனுக்கு இதிலும் ஒரு பவுசு என்று நினைத்துக்கொண்டான்.

மறுநாள் ஒத்திகையில் கிட்டார் சத்தம் போட ஆரம்பித்தது.

பாட்டுக்கு நடுவில் 'டக்' என்று ஒன்று. கொஞ்சம் கழித்து 'டக் டக்'. யாரோ கதவைத் தட்டுகிற மாதிரி, கோயிலின் நான்கு பெட்டியிலும். எலெக்ட்ரிக் பக்கம் சுவிட்சைத் தட்டினால் சுத்தமாக இருந்தது. டீச்சர் கேட்ட மரச் சத்தத்துக்காக பீசோ பக்கம் போட்டால் தட்டியது. ஜாஸ்பின் டீச்சர் முகம் சுளித்தார். பழம் நழுவிப் பாலில் விழுந்தது என்று மெல்வினுக்கு உள்ளுக்குள் ஒரே இனிப்பு.

திங்கட்கிழமை காலையில் ஃபிரெடி கிட்டாரைக் கடைக்குத் தூக்கிக்கொண்டு வந்தான். சிங்கப்பூரில் ஒரு நாள்கூட இப்படி வந்ததில்லை என்றான். தொழில் என்று வந்துவிட்டால் மெல்வின் நேர்மையானவன், இருந்த நேர்மை முழுவதையும் அன்றைக்கே செலவழித்தான். முதலில் கேபிளை மாற்றினான். பிறகு உள்ளே இருந்த ஒன்பது வோல்ட் பேட்டரியை மாற்றினான். எர்த் சரியில்லையென்றால் இரைச்சல்தான் வரும், தட்டுகிற சத்தம் வராது. இருந்தாலும் அதையும் பார்த்தான். முதுகு மூடியைத் திறந்து, ஆடிக்கொண்டிருந்த ஒரு ஒயரைப் பஞ்சு வைத்து ஒட்டினான். கம்பி உட்காரும் துண்டுகளை ஒவ்வொன்றாக விரலால் அழுத்திப் பார்த்தான். எல்லாம் இறுக்கமாக இருந்தன. கடைசியில் தானே ஸ்டூலில் உட்கார்ந்து அரை மணி நேரம் வாசித்தான். ஒரு டக் வரவில்லை. ஃபிரெடியை உட்கார வைத்து வாசிக்கச் சொன்னான். அப்போதும் வரவில்லை.

சரியாகிவிட்டது என்று ஃபிரெடி கையைப் பிடித்துக்கொண்டு நன்றி சொல்லிவிட்டுப் போனான். அன்று சாயங்காலம் கோயிலில் நின்று வாசித்ததும் மறுபடி டக்.

புதன்கிழமை ஒத்திகையில்தான் மெல்வினுக்கு விஷயம் பிடிபட்டது. மிக்சரில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு ஃபிரெடியையே பார்த்துக்கொண்டிருந்தான். பொறாமைக்காரன் பார்ப்பது போல எந்த மெக்கானிக்கும் பார்க்க முடியாது. ஃபிரெடி பல்லவி வந்தால் உடம்பை ஆட்டி வாசிப்பான். ஆடும்போது அந்தச் செபமாலைச் சிலுவை கிட்டாருக்கும் வயிற்றுக்கும் நடுவே விழுந்து கிடந்து கிட்டாரின் முதுகில் போய் இடித்தது. இடிக்கும்போதெல்லாம் ஹெட்போனில் டக்.

எலெக்ட்ரிக் பக்கம் இருப்பது காந்தம், அதற்குக் கம்பி ஆடினால்தான் காது கேட்கும். பீசோ மரத்தோடு ஒட்டிக்கொண்டு கேட்கிற காது. மரத்தில் எங்கே எது பட்டாலும், நகம் பட்டாலும்கூட, அப்படியே பெட்டிக்கு அனுப்பிவிடும். கடையில் உட்கார்ந்து வாசித்தபோது சிலுவை தொடையில் சரிந்து கிடந்தது. சிங்கப்பூரில் மாலையே இல்லை. கிட்டாரில் ஒரு குற்றமும் கிடையாது.

ஒரு வார்த்தை போதும். 'தம்பி, மாலைய முதுகுப் பக்கம் தள்ளிவிட்டுக்கங்க.' சொல்வதற்கு மெல்வின் வாயைத் திறந்தும்விட்டான். அந்த நேரம் பார்த்து டயானா கழுத்தைத் திருப்பி ஃபிரெடியைப் பார்த்தாள். ஃபிரெடி தலையசைத்தான், ஆடினான், டக் என்றது. டயானா சிரித்துவிட்டாள். திட்டுகிற சிரிப்பு இல்லை, 'என்னத்தான் இது' என்கிற சிரிப்பு. மெல்வின் வாயை மூடிக்கொண்டான்.

எட்டு வருஷத்தில் அவன் கையும் எப்போதாவது தவறியிருக்கிறது. அவள் ஒரு தடவைகூட அப்படிச் சிரித்ததில்லை.

வீட்டில் அன்று இடியாப்பம். டயானா தட்டை வைத்துவிட்டு, அத்தான் பாவம், முகமே வாடிப்போச்சு, நீங்க கொஞ்சம் கவனிச்சுப் பாருங்க என்றாள். பார்க்கிறேன் என்றான். அவர் எதற்காக இவ்வளவு கவலைப்படுகிறார் தெரியுமா என்று அவள் ஏதோ சொல்ல வந்தாள். எனக்கு எதுக்கு அந்தக் கதை என்று அவன் கை கழுவ எழுந்துவிட்டான். பாதி இடியாப்பம் தட்டிலேயே கிடந்தது.

வியாழக்கிழமை அவன் ஃபிரெடியைக் கடைக்கு வரச் சொன்னான். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவனுக்குச் சோறாவது நிறைய வேண்டும். மெல்வினிடம் அறிவியல் நிறைய இருந்தது.

"சத்தம் கிட்டார்ல இல்ல தம்பி," என்றான். "ஒங்க ஒடம்புல இருக்கு."

ஃபிரெடி புரியாமல் பார்த்தான்.

"சில பேரு ஒடம்புல ஸ்டாட்டிக் கரண்டு சாஸ்தியா இருக்கும். நீங்க வெல்டிங்ல கெடந்த ஆளு வேற. காந்தத்துக்கு அது ஒண்ணும் பண்ணாது, பீசோவுக்கு ஆகாது. நான் வாசிச்சப்ப வந்துச்சா? வரலைல்ல?"

சொல்லும்போதே இதை எந்தக் குழந்தையும் நம்பாது என்று மெல்வினுக்குத் தோன்றியது. ஃபிரெடி நம்பினான். சவுண்ட் தொழிலில் இருபது வருஷம் இருக்கிற அண்ணன் சொன்னால் நம்பாமல் என்ன செய்வது? அவன் தன் இடது கையை விரித்துக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். மணிக்கட்டிலிருந்து நடுவிரல் வரை ஒரு தழும்பு ஓடியது. மெல்வின் அதை அப்போதுதான் கவனித்தான், கவனித்ததை உடனே மறந்தும்விட்டான்.

"அப்ப நீங்களே இத வாசிங்கண்ணே," என்றான் ஃபிரெடி. "ஒங்க கையில சுத்தமா பேசுதுல்ல. நான் மிக்சர்ல நின்னுக்கிறேன்."

மெல்வின் எதிர்பார்த்தது தன் பழைய கிட்டாரோடு தன் பழைய இடம். கிடைத்தது நீலக் கிட்டாரோடு. வேண்டாம் என்று ஒரு தடவை சொன்னான். இரண்டாவது தடவை சொன்னால் நிஜமாகவே திருப்பி வாங்கிக்கொண்டுவிடுவானோ என்று பயந்து நிறுத்திக்கொண்டான். அன்றைக்கும் மறுநாளும் ஒத்திகை. டயானா கழுத்தைத் திருப்பி மெல்வினைப் பார்த்தாள். அவன் தலையசைத்தான். கிட்டார் தேனாகப் பேசியது. தானும் கொஞ்சம் ஆடி வாசிக்கலாமா என்றுகூட அவனுக்கு ஆசை வந்தது.

திருவிழாப் பூசை சாயங்காலம் ஐந்தரைக்கு. மூன்று சாமியார்கள் வந்திருந்தார்கள். வெளியே சப்பரத்துக்குப் பூ கட்டிக்கொண்டிருந்தார்கள். கோயிலுக்குள் நிற்க இடமில்லை. மெல்வின் கழுத்து வரை பித்தான் போட்ட புதுச் சட்டையில், கிட்டார் வாரைத் தோளில் மாட்டிக்கொண்டு தயாராக நின்றான். அப்போது ஃபிரெடி பங்குச் சாமியாரைக் கூட்டிக்கொண்டு பாடகர் குழுப் பக்கம் வந்தான்.

நேர்ச்சையைக் கைமாற்றுவது அந்தப் பங்கில் உண்டு. நேர்ந்தவரால் முடியாமல் போனால், அண்ணன் தம்பி முறையுள்ள ஒருத்தர் அதை ஏற்றுக்கொள்ளலாம். சாமியார் மாலையை இவர் கழுத்திலிருந்து எடுத்து அவர் கழுத்தில் போடுவார். அதற்குப் பிறகு அது அவருடைய நேர்ச்சை.

ஃபிரெடி மெதுவாகத்தான் பேசினான். பட்டறையில் இரும்புத் தகடு விழுந்து அவன் இடது கை நசுங்கியிருக்கிறது. இரண்டு விரல் இனி மடங்காது என்று சொல்லிவிட்டார்கள். விரல் மடங்கினால் மாதா திருவிழாவில் மாதா பாட்டுக்கு வாசிக்கிறேன் என்று ஆஸ்பத்திரிக் கட்டிலில் நேர்ந்துகொண்டான். ஒன்றரை வருஷம் கழித்து விரல் மடங்கியது. கிட்டாரை அதற்காகவே வாங்கினான்.

"என் கைதான் வாசிக்கணும்னு மாதாவுக்கு இருக்காதுண்ணே," என்றான். "பாட்டு நல்லாப் போனாச் சரி. இத நீங்க முடிச்சுக் குடுங்க."

சாமியார் மாலையை அவன் கழுத்திலிருந்து எடுத்து மெல்வின் கழுத்தில் போட்டார். பித்தளைச் சிலுவை கிட்டாருக்குப் பின்னால் இறங்கி அவன் வயிற்றில் உட்கார்ந்தது. மெல்வின் டயானாவைப் பார்த்தான். அவள் கண் கலங்கியிருந்தது. அவளுக்கு இது முன்னாலேயே தெரியும். புதன்கிழமை இடியாப்பத்துக்கு நடுவில் அவள் சொல்ல வந்தது இதுதான். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

தன் நேர்மையைப் பார்த்து மாதா பரிசு கொடுக்கவில்லை என்று மெல்வினுக்கு நன்றாகத் தெரிந்தது. மாலையைச் சட்டைக்குள் தள்ளலாம் என்றால் வழக்கம் விடாது, கழுத்துப் பித்தானும் விடாது. முதுகுப் பக்கம் தள்ளினால் ஃபிரெடிக்குப் புரிந்துவிடும். கழற்றி வைக்கவே முடியாது. மணி அடித்துவிட்டது. ஜாஸ்பின் டீச்சர் விரலை உயர்த்திவிட்டார்.

வருகைப் பாடலை அவன் நட்டு வைத்த கம்பம் மாதிரி நின்று வாசித்தான். மூச்சுக்கூட மேலாகவே விட்டான். ஒரு டக் வரவில்லை. எதிர்ச் சுவரோரம் மிக்சருக்குப் பின்னால் ஃபிரெடி ஹெட்போனோடு நின்று கட்டைவிரலை உயர்த்திக் காட்டினான். அடுத்தது வானவர் கீதம். அது வேகமான பாட்டு. கைத்தாளம் சேர்ந்தது, வயலினும் டிரம்மும் சேர்ந்தன, மெல்வினின் கை வேகமாகப் போக உடம்பும் அதோடு போனது.

டக்.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்தவர்கள் நிமிர்ந்தார்கள். டக் டக். ஜாஸ்பின் டீச்சர் திரும்பிப் பார்த்தார். டயானா பாடிக்கொண்டே புருவத்தைச் சுருக்கி அவனைப் பார்த்தாள். இவர் உடம்பிலுமா கரண்டு என்ற ஆச்சரியம்தான் அவள் முகத்தில் இருந்தது, வேறு ஒன்றும் இல்லை. டக்.

அடுத்து நடந்ததை மெல்வின் யோசித்துச் செய்யவில்லை. இருபது வருஷம் மைக்செட் போட்டவன் கை அது. சத்தம் வந்தால் சத்தம் வருகிற இடத்துக்குப் போய்விடும். பாட்டில் ஒரு வரி இடைவெளி கிடைத்ததும் இடது கை கிட்டாரை விட்டது, கழுத்தில் கிடந்த மாலையைப் பிடித்தது, ஒரே தள்ளில் சிலுவையை முதுகுப் பக்கம் அனுப்பியது, மறுபடி கம்பிக்கு வந்தது. பேட்டரியைத் தொடவில்லை, கேபிளைத் தொடவில்லை, சுவிட்சைத் தொடவில்லை. நேராக மாலை.

கிட்டார் சுத்தமாகப் பேசியது.

மிக்சருக்குப் பின்னால் ஃபிரெடி ஹெட்போனைக் கழற்றினான். மெல்வினைப் பார்த்தான். பிறகு அவன் கை மெதுவாகத் தன் நெஞ்சுக்குப் போய், ஒன்பது நாள் மாலை கிடந்த இடத்தைத் தடவியது. தலையைக் குனிந்துகொண்டான். சண்டை போடுவான், சாமியாரிடம் போவான், குறைந்தது முறைப்பான் என்று மெல்வின் காத்திருந்தான். ஃபிரெடி கையை நீட்டிக் கிட்டாரின் சத்தத்தை ஒரு பொட்டு ஏற்றிவிட்டான். பாட்டுக்கு அது தேவையாகத்தான் இருந்தது.

டயானா மெல்வினுக்கு ஒரு முழம் தள்ளி நின்றிருந்தாள். அவளுக்கு ஒன்றும் தெரிந்திருக்காது என்று மெல்வின் வாசகம் முடியும்வரை தன்னைத் தேற்றிக்கொண்டான். பிரசங்கம் முடியும்வரையும் தேற்றிக்கொண்டான். அவள் நன்மை வாங்கிவிட்டு வந்து தன் இடத்தில் நின்றாள். முகத்தைத் திருப்பாமல், மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு கேட்டாள்.

"எப்பருந்து தெரியும்?"

பொய் ஒன்று நாக்கு நுனியில் தயாராகத்தான் இருந்தது. கழுத்தில் அடுத்தவன் நேர்ச்சை கிடந்தது.

"புதன்கெழமையிலேருந்து," என்றான்.

அவள் மைக்கிலிருந்து கையை எடுத்தாள்.

மாதா பாட்டு. மெல்வின் விரலை முதல் கம்பியில் வைத்துக்கொண்டு காத்திருந்தான். இடம் அவனுடையது, கிட்டார் அவன் கையில், கோயில் முழுக்க மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. இனி அவள் கழுத்தைத் திருப்ப வேண்டும், அவன் தலையசைக்க வேண்டும். எட்டு வருஷமாக அப்படித்தான்.

டயானா மாதாவைப் பார்த்துக்கொண்டே பாட ஆரம்பித்துவிட்டாள். மெல்வின் இரண்டு சொல் பிந்தி, ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டான்.

பாட்டு அருமையாக வந்தது என்று எல்லாரும் சொன்னார்கள். கிட்டாரில் ஒரு டக் கிடையாது. கடைசி வரி வரை அவள் திரும்பவில்லை.